பழைய பட்டை

யுபிஎஸ்ஆர் தேர்வில் ஆறு ஏ வாங்கிய அன்று நான் சோறு சாப்பிடவில்லை.

2000ஆம் ஆண்டு அது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து லிந்தாங் சாலையில் உள்ளே போனால் வரும் ரப்பர்த் தோட்டங்களில் ஒன்றில் இருந்தோம். அப்போது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழு பாடம். ஆறாம் வகுப்பில் எழுதும் அந்தத் தேர்வில்தான் குடும்ப மானமே தொங்கிக்கொண்டிருக்கும். ஏழு ஏ எடுத்த பிள்ளைகளின் படங்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் தபால்தலை அளவில் பக்கம் பக்கமாகப் போடும். அந்தப் பக்கத்தை வெட்டிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்த வீடுகள் எங்கள் லயத்திலேயே, அதாவது தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளிலேயே, இரண்டு இருந்தன. மூன்றாவது எங்கள் வீடு என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மலாய்க் கட்டுரையில் பி விழுந்தது. மற்ற ஆறும் ஏ.

பின் லயத்துப் பையன் ஒருவன் என்னோடு படித்தான். அவனுக்கு நாலு ஏ. முடிவு தெரிந்த மத்தியானம் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கத்திக்கொண்டே ஓடினான். அவன் அப்பா மோட்டாரில் அவனைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் காற்பந்துச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். வருஷ நடுவில் நடந்த சோதனையில் அவனுக்கு ஒரே ஒரு ஏதான் வந்திருந்தது. அவன் அதிலிருந்து எண்ணினான். நான் ஏழிலிருந்து எண்ணினேன். அவனைவிட இரண்டு ஏ கூட வாங்கியவள் அடுப்படியில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

அவன் இப்போது எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரைக்குத் தோதாக அவன் நிம்மதியாக வாழ்வதாக எழுதலாம். எழுதப்போவதில்லை.

இது எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை வைத்து விக்டோரியா மெட்வெக், ஸ்காட் மேடி, தாமஸ் கிலோவிச் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வு செய்து 1995இல் வெளியிட்டார்கள். போட்டி முடிந்த கையோடு பதிவான காட்சிகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, அந்த முகத்தில் தெரியும் சந்தோஷத்துக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். வெண்கலம் வாங்கியவர்களுக்குச் சராசரியாக 7.1 கிடைத்தது. வெள்ளி வாங்கியவர்களுக்கு 4.8. இரண்டாவதாக வந்தவர் கைநழுவிய தங்கத்தை நினைத்துக்கொண்டு நிற்கிறார். மூன்றாவதாக வந்தவருக்கோ நாலாவதாக வந்து வெறுங்கையோடு போகிறவர் கண்ணில் படுகிறார்.

அதே பார்சலோனாவில்தான் நம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. பூப்பந்து இரட்டையரில் ரசிப் சிடேக், ஜலானி சிடேக் சகோதரர்கள் வாங்கிய வெண்கலம். பிறகு லீ சோங் வெய் 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் இறுதியாட்டம்வரை போய் மூன்றிலும் வெள்ளியோடு திரும்பினார். கடைசி ஆட்டத்தை நான் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும் சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. யாரோ ஒருவர், "மூணு வெள்ளி, ஒரு தங்கம் இல்ல" என்று பெருமூச்சு விட்டார். கடைக்கார அண்ணன் கண்ணாடிக் கிளாஸைக் கழுவியபடியே, "மூணு வெள்ளி என் கல்லாவுல இருக்கு. அந்த மூணு வெள்ளி உன் பரம்பரையில யாருகிட்டயாவது இருக்கா?" என்று கேட்டார். ரிங்கிட்டையும் வெள்ளி என்றே சொல்லிப் பழகிய ஊரில் இப்படியும் ஒரு வசதி.

அம்மாவிடம் வருகிறேன்.

அன்று அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. ஆறு ஏ என்பது பெரிய விஷயம் என்றோ, அடுத்த பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுப்பி, "வா, மங்கு துடைக்க ஆள் வேணும்" என்றார். மங்கு என்பது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். பள்ளி விடுமுறையில் வழக்கமாகப் போவதுதான். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன்.

பால்மரக் காட்டைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிவாக ஒரு வெட்டு இருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சரிவின் கீழ் விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை உளியால் எடுக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். ஒருநாள் இந்தப் பக்கத்து மரங்கள், மறுநாள் அடுத்த பக்கத்து மரங்கள் என்று மாறி மாறி வெட்டுவார்கள். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரங்களுக்கு மேல். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

வெட்டு இப்படியே இறங்கிக்கொண்டு போகும். நெஞ்சு உயரத்தில் தொடங்கியது அடிமரத்துக்கு வந்து சேர ஐந்தாறு வருஷம் பிடிக்கும். அப்புறம் மரத்தின் மறுபக்கத்துக்குப் போவார்கள். அங்கே இன்னோர் ஐந்தாறு வருஷம். அதற்குள் முதல் பக்கத்தில் புதுப் பட்டை வளர்ந்து தயாராகியிருக்கும். மறுபடியும் அங்கே, மேலிருந்து.

வித்தை எங்கே இருக்கிறது என்றால், பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்ளோரத்தில், கட்டையை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆழமாக வெட்ட வெட்டப் பால் கூடும். ஆனால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உயிருள்ள மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. உளி அதில் பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். புதுப் பட்டை அந்த இடத்தில் சீராக வளராமல் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும். அந்தத் தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போது கை நிற்க வேண்டும், அதுவும் அரைத் தூக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியோடு.

அம்மா கல்யாணமாகி 1986இல் இந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகுதான் பாட்டியிடம் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். அதற்கு முன்னால் பிறந்த வீட்டில் புல்வெட்டு வேலைதான். அவர் வந்தபோது இந்த மரங்களின் முதல் பக்கத்தில் வெட்டு பாதி இறங்கியிருந்தது. நான் சொல்லும் இந்த 2000ஆம் வருஷத்தில், மறுபக்கமும் முடிந்து, முதல் பக்கத்தின் புதுப் பட்டையில் வெட்டு திரும்பவும் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

ஒரு மரத்தடியில் அம்மா குந்தினார். நெற்றி விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெட்டுக்குக் கீழே தடவிக் காட்டினார். பட்டை கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தது.

"இது நீ வயித்துல இருந்தப்ப வெட்டினது. தூக்கக் கலக்கம். உளி உள்ள போயிடுச்சி."

எழுந்து மரத்தைச் சுற்றி மறுபக்கத்துக்குப் போனார். விளக்கை மேலும் கீழும் ஆட்டினார். பட்டை நல்ல பலகை மாதிரி வழவழப்பாக இருந்தது.

"இது தம்பி பொறந்ததுக்கு அப்புறம்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பவும் குந்தி, தான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட முடிச்சுகளின் மேல் உளியை மெதுவாக இழுத்தார். முடிச்சு உள்ள இடத்தில் உளி ஒழுங்காக ஓடாது, குதிக்கும். பழைய தப்புக்கு இப்போது அவரே கஷ்டப்பட்டார். பால் கோடு நேராக இறங்காமல் வழிந்து வீணாகப் போவதை விரலால் ஒதுக்கி மங்குக்குத் திருப்பினார்.

எனக்கு அன்று ஒன்றும் விளங்கவில்லை. பி கிடைத்ததைப் பற்றி இவர் ஏன் பேச மாட்டேன் என்கிறார் என்று கோபமாகக்கூட இருந்தது. வருஷக்கணக்காக அதை நினைத்துப் பார்த்த பிறகு இப்படித் தோன்றுகிறது: தன் வேலை எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்க்க அவருக்கு ஐந்நூறு மரங்கள் இருந்தன. வேலையை மேற்பார்க்கும் தண்டல் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கணக்குப் பார்க்கும் கிராணி சீட்டு எழுதித் தெரிய வேண்டியதில்லை.

அம்மாவை ஞானியாக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து நிரையில் வெட்டிய அத்தை ஒருவர் தோட்டத்திலேயே கைகாரி. அவருக்கு அதிகப் பணம் வந்த மாதங்களில் எங்கள் வீட்டில் குழம்பில் காரம் கூடிவிடும். "அவளுக்கு மட்டக் காடு, எனக்கு மேட்டுக் காடு" என்று அம்மா பொருமுவார். அது உண்மையும்கூட. மேட்டில் ஏறி இறங்கி வெட்டுகிறவரையும் சமதரையில் வெட்டுகிறவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் என்ன நியாயம்? ஒன்றை மட்டும் அம்மா ஒருபோதும் செய்ததில்லை. பிப்ரவரி வாக்கில் மரங்கள் இலை கொட்டும். துளிர்த்துத் தேறும்வரை இரண்டு மூன்று மாதம் பால் பாதியாகிவிடும். அந்த மாதங்களில் பொருமல் இருக்காது. "மாசி மாசத்துப் பாலை ஐப்பசி மாசத்தோட வச்சிப் பாக்கலாமா?" என்பார்.

தோட்டத்துக் கணக்கு வேறு மாதிரி. காலை பத்து, பதினொரு மணிக்கு எல்லாரும் காண்டாவில், அதாவது தோளில் வைக்கும் காவடிக் கம்பில், வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். அங்கே நிறுத்துச் சீட்டில் எழுதுவார்கள். பாலில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆகையால் எடைக்குக் காசு என்றால் ஆள் என்ன செய்வான்? ஓடைத் தண்ணீரைக் கொஞ்சம் சேர்ப்பான். கம்பெனிக்கும் இது தெரியாதா? அதற்காகத்தான் மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவி. பாலில் போட்டால் அது எவ்வளவு மூழ்குகிறது என்பதைப் பார்த்து ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அம்மாவும் ஒரு தீபாவளிக்கு முன்னால் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பிடிபட்டார். இதை அவர் எனக்குச் சொன்னது போன வருஷம், அதுவும் கிளினிக்கில் வைத்து.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இனிப்பு நீர். அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும் தேதிக்கு இரண்டு நாளைக்கு முன்னாலிருந்து சோற்றைத் தொட மாட்டார். விரலில் குத்திப் பார்த்தால் எண் அழகாக வரும். தாதி பாராட்டுவார். வீட்டுக்கு வந்ததும் பால் டின்னைத் திறந்து ஒரு தேத்தண்ணி. போன வருஷம் எச்பிஏ1சி பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தாதி சிரித்தார். ரத்தத்தில் உள்ள சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரை, போன இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். "ரெண்டு நாள் பட்டினி கிடந்து மூணு மாசத்தை ஏமாத்த முடியாது, மாச்சி" என்றார். சீனப் பெண், ஆனால் நம் பாட்டிகளிடம் பழகிப் பழகித் தமிழ் நன்றாக வரும். அம்மா என் பக்கம் திரும்பி, "மெட்ரோலேக் போட்டுட்டா பாத்தியா" என்றார். அப்போதுதான் தீபாவளிக் கதை வெளியே வந்தது. கிளினிக் என்று பார்க்காமல் சிரித்துவிட்டோம்.

தன்னைத்தானே பார்த்துக்கொள்வதற்கு ஏற்பட்ட எண்ணாக அந்தச் சர்க்கரை எண் இருந்திருந்தால் அம்மா பட்டினி கிடந்திருக்க மாட்டார். தாதியிடம் நல்ல பெயர் வாங்கும் எண்ணாக அது மாறிப்போனதால்தான் தண்ணீர் ஊற்றினார்.

தாதி நடக்கச் சொன்னார் என்று கையில் கட்டும் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அடி எண்ணுவது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி வைக்க வேண்டும் என்றேன். "பத்தாயிரம்னு யாரு சொன்னா?" என்றார். தேடிப் பார்த்தால், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்களாம். பத்தாயிரம் அடிக் கருவி என்று அர்த்தம். விற்பதற்கு வைத்த பெயர் அறுபது வருஷமாக நம் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவின் கணக்கு, மாரியம்மன் கோயில்வரை போய்த் திரும்பும்போது எத்தனை இடத்தில் நின்றார் என்பது. மூன்றிலிருந்து ஒன்றுக்கு வந்திருக்கிறது. கடிகாரம் இப்போது என் மகன் கையில்.

என் சொந்தக் கதை இந்த இடத்தில் அவ்வளவு சுவையாக இருக்காது, சீக்கிரம் முடிக்கிறேன். எட்டு வருஷம் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் தொலைபேசிச் சேவைப் பிரிவில் இருந்தேன். வேலையை அளக்கும் இலக்கு எண்களுக்குக் கேபிஐ என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றும் வயிறு புரளும். ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு, ஓர் அழைப்புக்கு எத்தனை நிமிடம், எல்லாம் சுவரில் உள்ள திரையில் ஓடும். 2016இல் சிறந்த ஊழியர் சான்றிதழ் வாங்கினேன். அந்த வருஷம் மூன்று முறைதான் வீட்டுக்கு வந்தேன், எட்டு கிலோ இளைத்தேன். அடுத்த ஜனவரியில் எல்லா எண்ணும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. இலக்கு மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது அம்மாவின் கடைசிச் சம்பளச் சீட்டுகள். எங்கள் தோட்டம் 2003இல் பால்மரங்களை அழித்துச் செம்பனை போட்டது. அழிக்கப்போகும் மரத்துக்கு இனிப் பட்டை மிச்சம் பிடித்து என்ன பயன்? பால் சுரப்பைத் தூண்டும் எத்திபோன் மருந்தைத் தடவி, கண்ட இடத்தில் எல்லாம் வெட்டு வைத்து, உள்ளதை எல்லாம் வடிப்பார்கள். மங்கு நிரம்பி வழியும். அம்மாவின் சம்பளச் சீட்டில் மிகப் பெரிய எண்கள் அந்த மாதங்களில்தான். அவருக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது, நன்றாகச் செலவழித்தோம், என் சீருடையும் அதில்தான் வந்தது. ஆனாலும் அந்த மாதங்களில் உளியைச் சாணை பிடிக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

ஊர் திரும்பி ஈப்போவில் வேலை தேடிக்கொண்ட பிறகும் எண் பிடித்த புத்தி விடவில்லை. ஊழியர் சேமநிதிச் செயலியைத் திறப்பேன். 55 வயதில் 240,000 ரிங்கிட் இருக்க வேண்டும் என்று 2019இல் ஓர் அடிப்படைச் சேமிப்பு அளவு வைத்தார்கள். இருபது வருஷத்துக்கு மாதம் ஆயிரம் ரிங்கிட் என்ற கணக்கு. என் இருப்பைப் பார்ப்பேன், அந்த எண்ணைப் பார்ப்பேன், செயலியை மூடுவேன். மறுவாரமும் அதே. அப்பாவுக்கு வேலை முடிந்தபோது அந்தக் கணக்கில் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும். அதோடு ஒப்பிட்டால் நான் சீமாட்டி. ஒப்பிட ஏனோ கை போகாது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே இதை ஒரு பின்னமாக எழுதிவிட்டார். ஒருவர் தன்னைப் பற்றி எவ்வளவு நன்றாக நினைக்கிறார் என்பது, அவர் சாதித்ததை அவர் ஆசைப்பட்டதைக் கொண்டு வகுத்தால் வருவது. மேலே உள்ள எண்ணைக் கூட்டலாம், அல்லது கீழே உள்ள எண்ணைக் குறைக்கலாம். இரண்டிலும் விடை பெரிதாகும். ஆசையைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலே பாரம் இறங்கிவிடும்.

படித்தபோது சரி என்றுதான் பட்டது. அப்புறம் கோயில் மண்டபத்துக் கூட்டம் நினைவுக்கு வந்து உறுத்தியது.

தோட்டம் கைமாறப்போகிறது, லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டிவரும் என்று பேச்சு அடிபட்ட நேரம். வெளியிலிருந்து ஒரு பெரிய மனிதர் பேச வந்திருந்தார். "உங்க தாத்தா கப்பல்ல வந்தப்ப என்ன இருந்துச்சு? அத்தாப்புக் கொட்டாய், மண்ணெண்ணெய் விளக்கு. இன்னைக்குப் பாருங்க, கரண்ட் இருக்கு, டிவி இருக்கு, பிள்ளைங்க ஆறு ஏ ஏழு ஏ எடுக்குது. எவ்வளவு தூரம் வந்துட்டோம்!" கைதட்டினோம். நானும் தட்டினேன், ஆறு ஏ என்று என்னைத்தானே சொன்னார். வீடு கேட்க வந்த கூட்டம் நன்றி சொல்லிவிட்டுக் கலைந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா வாயைத் திறக்கவில்லை. குழாயடியில் கால் கழுவும்போதுதான் சொன்னார்: "பழைய பட்டையைத் தடவிப் பாக்குறது வெட்டினவ. அவரு யாரு பாக்க?"

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு ஒரு புத்தகமும் கிடைக்கவில்லை. வந்த தூரத்தைப் பார், போக வேண்டிய தூரத்தைப் பார்க்காதே, நிம்மதியாக இருப்பாய் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். ராத்திரி தூங்கப் போகும்போது நானே எனக்குச் சொல்லிக்கொண்டால் அது மருந்துதான், மறுக்கவில்லை. சம்பளம் கொடுக்கிறவர் அதையே சொன்னால்? வீடு கொடுக்க வேண்டியவர் சொன்னால்? தோட்டத்து மக்களுக்கு நன்றியுணர்வை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று தலைமுறையாகப் பின்னால் பார்க்கச் சொல்லியே வைத்திருந்தார்கள். தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று சட்டம் வந்ததே 2013இல்தான். 2022இல் 1,500, 2025இல் 1,700. தாத்தா காலத்தோடு ஒப்பிட்டு எல்லாரும் திருப்திப்பட்டிருந்தால் அந்த முதல் எண்கூட வந்திருக்காது.

முன்னால் பார்த்து எண்ணியவர்கள் எல்லாரும் என்னைப் போல வயிறு புரண்டவர்களும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் லயமும் சேர்ந்து போயின. அப்போது அமைச்சராக இருந்தவரும் எங்கள் ஊர்க்காரருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளே காசு போட்டுத் தோட்டம் வாங்குவது. ஒரு பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தாத்தா கட்டினார். பத்து மாதம். ஒவ்வொரு மாதமும் பத்து வெள்ளி கட்டிய அன்று கதவுக்குப் பின்னால் கரியால் ஒரு கோடு போடுவாராம். "நாலு கோடு வந்துடுச்சின்னு சொல்லும்போதே ஒரு தோட்டத்துக்கே மொதலாளி ஆயிட்ட மாதிரி நெஞ்சை நிமித்திக்குவாரு" என்று பாட்டி கேலி செய்வார். நூறு என்பது பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தது. கோட்டைப் போட்டவர் அவர். அதை அழித்து இருநூறு என்று மாற்றி எழுத யாருக்கும் அதிகாரம் இல்லை.

என் கேபிஐக்கும் தாத்தாவின் கரிக்கோட்டுக்கும் வித்தியாசம் முன்னால் பார்ப்பதா பின்னால் பார்ப்பதா என்பதில் இல்லை போலிருக்கிறது. கரித்துண்டு யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

யுபிஎஸ்ஆரை 2021இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். என் மகன் நாலாம் வகுப்பு. இப்போது வகுப்பறை மதிப்பீடு, ஒவ்வொரு பாடத்துக்கும் அடைவுநிலை ஒன்று முதல் ஆறுவரை. பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிடாமல், அவனவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்க்கும் முறை. நல்ல ஏற்பாடுதான். போன அறிக்கையில் மலாயில் அவனுக்கு நாலு. நான் கேட்ட முதல் கேள்வி, "மத்த பிள்ளைங்களுக்கு எத்தனை?" அவன் பதில் சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்தான். போன தடவை மூன்று என்பது அறிக்கையின் கீழ் வரியிலேயே இருந்தது. படித்திருக்கலாம்.

அந்த வாரம் அவனுக்குப் படிக்கும் மேசை நாற்காலி வாங்கப் பட்டணத்துக்குப் போனோம், அம்மாவும் வந்தார். கடைக்காரர் ஒரு நாற்காலியைத் தட்டிக் காட்டினார். வெளிர் மஞ்சள் நிறம், மெருகெல்லாம் பூசி அழகாக இருந்தது. "கித்தாக் கட்டை. கெட்டியா இருக்கும்" என்றார். பால் வற்றிய மரங்களை அறுத்து, பூச்சி பிடிக்காமல் மருந்தேற்றித் தளபாடம் செய்வது இந்த நாட்டில் பெரிய தொழில். எங்கள் தோட்டத்து மரங்களும் 2003இல் அப்படித்தான் லாரியில் போயின.

மகனும் நானும் விலை பேசிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் அம்மா நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காலில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பட்டையெல்லாம் அறுக்கும்போதே போயிருக்கும்மா" என்றேன்.

"தெரியும்" என்றார். அடுத்த காலையும் தடவிப் பார்த்தார்.